எண்ணெய்முள்ளும் எமது பிழையும்

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு ஓர் அச்சம் உண்டு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் கரும்பலகையில் எழுதிய ஒரு வாக்கியம், பல ஆண்டுகளின் பின் எங்கோ ஒரு வீட்டு வாசலில் எம்மை மறித்து நின்று, "நீர் சொன்னபடிதான் செய்தோம்" என்று கூறுமாயின் என் செய்வது என்பதே அது. அவ்வச்சம் சென்ற மாசி மாதம் தோப்பூரில் எமக்கு மெய்யாயிற்று.

தோப்பூர், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே வயலும் தென்னையும் சூழ்ந்திருக்கும் ஊர். திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் வழியாக அங்கே செல்லும் வீதியில் இப்போது வாகனங்கள் தடையின்றி ஓடுகின்றன. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் மிதவைக்காகத் துறையில் காத்துக் கிடந்தோர்க்கே அந்தப் பாலத்தின் அருமை தெரியும். எம்மிடம் பௌதிகவியல் கற்ற மாணவர் ஒருவர் அவ்வூரில் உழவியந்திரங்களும் நீர்ப்பம்பிகளும் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்துகிறார். வேறொரு காரியமாக அப்பக்கம் சென்ற நாம், அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்பதைக் கண்டு இறங்கினோம்.

அது பி.எஸ்.ஏ. எம் 20 என்னும் இராணுவ வண்டி. துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய பாட்டனார், யுத்தத்தின் பின் படையினர் கழித்துவிட்டவற்றில் ஒன்றாக அதை வாங்கினாராம். இருபது வருடங்களாகக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடந்ததை, இப்பிள்ளை மூன்று வருடம் உழைத்து உயிர்ப்பித்திருந்தார். ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கைபிடித்தண்டின் மேல் பளபளவென்று ஒரு புதிய எண்ணெய் அமுக்கமானி பொருத்தப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக் காட்டி அவர் சொன்னார்:

"வித்திட்டன் சேர். நாளைக்குக் கொழும்பால வந்து ஏத்துறாங்க. எஞ்சின் முடிஞ்சு போச்சு. சூடேறினா முள்ளு பூச்சியத்துக்கு வருது. நீங்கதானே படிப்பிச்சீங்க, அமுக்கம் விழுந்தா எஞ்சின் செத்துதெண்டு."

விலை பேச வந்த அன்பர் முதலில் ஒரு தொகை சொன்னாராம். பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தார்; முள் விழுவதைக் கண்டார்; தொகையை அரைவாசியாக்கினார். இளைஞரின் தங்கை அவ்வருடம் பல்கலைக்கழகம் செல்கிறாள். தகப்பனார் வாசலில் நாற்காலி இட்டு, "இரிங்க மாஸ்டர்" என்று உபசரித்துவிட்டு, வேறொன்றும் பேசாது வெற்றிலைத் தட்டை நோக்கிக்கொண்டிருந்தார்.

நாம் அந்த வாக்கியத்தைச் சொன்னது உண்மை. மோட்டார் காரின் எஞ்சினை உதாரணமாக வைத்து, அமுக்கமானி பற்றிய பாடத்தில் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறோம். காருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எம் 20க்கு?

வண்டியின் வரலாற்றை இவ்விடத்திற் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நன்று. பேர்மிங்ஹாம் நகரின் ஸ்மோல் ஹீத் என்னுமிடத்தில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை, இரண்டாம் உலக யுத்தத்துக்கென ஏறத்தாழ 126,000 எம் 20 வண்டிகளைச் செய்தது. நோட்டன் நிறுவனத்தின் 16 எச் வண்டியும் ஒரு இலட்சத்தை நெருங்கியது. 1940 நவம்பர் 19ஆம் திகதி இரவு ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் அந்த ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் 53 தொழிலாளர் மாண்டனர். அதன் பின்னரும் வண்டிகள் வெளிவந்த வண்ணமே இருந்தன. 496 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒற்றை உருளை, பாரமான உடல், மெதுவான ஓட்டம். செய்தி கொண்டோடும் சிப்பாய்கள் இதிலேறி வட ஆபிரிக்க மணலிலும் பர்மாச் சேற்றிலும் அலைந்தனர். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிய பின்னர், இலங்கை வீதிகளிலும் இத்தகைய வண்டிகளின் ஓசை மிகுந்தது.

எண்ணெய் என்றதும் எங்கள் மாவட்டத்தாருக்கு நினைவு வருவது வேறு. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்று சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்ததை முதியோர் கதையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் 99 தாங்கிகள் அங்கே இன்றும் நிற்கின்றன. ஆனால் ஒரு சிப்பாயின் உயிர் தங்கியிருந்தது, அவன் இருக்கைக்குக் கீழே வலப்புறத்தில் இருந்த சிறு தாங்கியின் ஏறத்தாழ மூன்று லீற்றர் எண்ணெயில். அது ஓடாது நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகும்; பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்; வண்டி அவனைத் தூக்கி எறியும்.

அப்படியாயின் எண்ணெய் ஓடுகிறதா என்று அவனுக்கு அறிவித்தது எது?

வண்டிகளில் அதற்கு மூன்று வகையான அறிகுறிகள் இருந்தன. ஒன்று முள். பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்டன் 1849இல் உரிமைபெற்ற கருவியே அது. தட்டையான ஒரு பித்தளைக் குழாயை வில்போல் வளைத்து, ஒரு முனையை அடைத்துவிட்டால், உள்ளே அமுக்கம் ஏறும்போது வளைவு சற்றே நிமிரும். அந்நிமிர்வைச் சிறு பற்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றும். இரண்டாவது பொத்தான். திரயம்ப் நிறுவனத்தார் தமது இரட்டை உருளை வண்டிகளின் பெற்றோல் தாங்கிமேல் முன்னர் வைத்திருந்த முள்மானியை 1949இல் கைவிட்டனர். அதற்குப் பதிலாக, அமுக்கம் வந்ததும் எஞ்சினின் பக்கவாட்டில் விரல்நுனி போல் வெளியே நீட்டும் ஒரு பொத்தானை அமைத்தனர். ஓடும் வண்டியில் குனிந்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்! மூன்றாவது விளக்கு. அமெரிக்க ஹார்லி டேவிட்சன் வண்டிகள் 1938இலேயே முள்ளை நீக்கிச் சிவப்பு விளக்கை ஏற்றன. யுத்தத்துக்கென ஏறத்தாழ 90,000 வரை செய்யப்பட்ட டபிள்யூ.எல்.ஏ. வண்டியிலும் அதே விளக்குத்தான். சில இறாத்தல் அமுக்கம் வந்ததும் அது அணையும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

யுத்தகாலத்து எம் 20இலோ இம்மூன்றில் ஒன்றுமில்லை. முள்மானிக்குப் போகும் மெல்லிய குழாய் அதிர்ச்சியில் ஒடிந்தால், காப்பாற்ற வந்ததே எண்ணெயை வெளியே கொட்டிவிடும் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தல் என்பதே அதற்குரிய வழி. பம்பி எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்தும். அதன் இரண்டாம் பகுதி, கீழே வடிந்ததை உறிஞ்சி மீண்டும் தாங்கிக்கு அனுப்பும். திரும்பி வரும் குழாயின் வாய், மூடியைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும். காலையில் எஞ்சினை இயக்கியதும் மூடியைக் கழற்றி அங்கே எண்ணெய் துப்புகிறதா என்று பார்ப்பது சிப்பாயின் கடமை. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட் வண்டி, இந்தியப் படைக்கென வந்து வீட்டு வண்டியாக மாறியதை வாசகர்கள் அறிவர். அதிலும் வெகுகாலம் முள்மானி இருந்ததில்லை. ஒரு சிறு திருகாணியை நெகிழ்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதே வழக்கம்.

இனி அந்த முள் பூச்சியத்துக்கு வந்ததன் காரணத்தைப் பார்ப்போம். மாணவர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிப்பார்களாக.

முசலம் கீழிறங்கும் விசையைத் தாங்குவது 'பிக் என்ட்' எனப்படும் பெயாரிங். அது இரு வகை. கார்களிலும் திரயம்ப் இரட்டை உருளை வண்டிகளிலும் உள்ளது வெறும் வளையம். தண்டு அதனுள்ளே உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும். இப்படலம் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கண்டறிந்த கதை சுவையானது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் எந்திரி, புகைவண்டி அச்சுகளின் பெயாரிங்கை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்கென மேலே ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், ஊற்ற வேண்டிய துளையிலிருந்து எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரத்தால் அடைத்தார், அதுவும் வெளியே வந்தது. அமுக்கமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை காட்டும் அம்மானியின் முள் எல்லையையும் கடந்தது. அங்கே பம்பி எதுவும் இல்லை என்பதை நினைவில் வைக்க! சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அவ்வமுக்கத்தை உண்டாக்கியது. மூன்று வருடங்களின் பின், 1886இல், ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். ஆகவே பம்பியின் வேலை படலத்தைத் தாங்குவதன்று. படலத்துக்கு எண்ணெய் குறையாது ஊட்டுவதே. வேகமாக ஓடும்போது திரயம்ப் வண்டியில் 65 முதல் 80 இறாத்தல் வரை முள் நிற்க வேண்டும் என்பார்கள். அங்கே அது விழுமாயின் பயப்படத்தான் வேண்டும்.

எம் 20இன் பிக் என்ட் அவ்வகையன்று. அது உருளிகள் கொண்டது. சிறு எஃகு உருளிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றுக்கு வேண்டியது தொடர்ந்து வரும் எண்ணெய். அதைத் திணிக்கும் அமுக்கமன்று. உருளிகளின் இடைவெளி வழியே எண்ணெய் தாராளமாக வெளியேறும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தடித்திருப்பதால் அவ்வழி ஓடத் தயங்கும், முள் ஏறும். சூடேறியதும், நூல்களிற் பிசுக்குமை எனப்படும் அக்குணம் பெரிதும் குறைந்து, எண்ணெய் நீர்போல் ஓடும், முள் இறங்கும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பம்பியும் மெதுவாகச் சுழல்வதால் பூச்சியத்தையும் தொடும். எண்ணெய் இல்லாமையால் விழுந்த முள்ளன்று அது. எண்ணெய் தடையின்றிப் போவதால் விழுந்த முள்.

இதை இளைஞரிடம் விளக்க, வாசலுக்கு எதிரே ஓடிய வாய்க்காலே போதுமாயிருந்தது. மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர் ஏறும், வயல் காயும். மடையைத் திறந்தால் வாய்க்காலில் நீர் தாழும், வயல் நனையும். வாய்க்காலின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து வயல் நனைந்ததா என்று சொல்ல முடியுமா? தகப்பனார் இதைக் கேட்டதும் முதன்முறையாக நிமிர்ந்தார். "அது சரிதான் மாஸ்டர். மட்டம் கூடினா நாங்க மடையத்தான் பாக்கப் போற" என்றார்.

மறுதலையாக, சூடேறிய பின்பும் முள் உயர்ந்தே நிற்குமாயின் அதுவே சந்தேகத்துக்குரியது. எண்ணெய்ப் பாதையில் அழுக்கு அடைத்து, பம்பி முட்டி மோதிக்கொண்டிருக்கலாம். முள் 50 இறாத்தல் காட்ட, அப்பால் உள்ள பெயாரிங் வறண்டு கருகிக்கொண்டிருக்கலாம். மானி தான் நிற்கும் இடத்தின் செய்தியைத்தான் சொல்லும்.

ஆயினும், ஒரு பிழையான விதிக்குப் பதிலாக இன்னொரு விதியைக் கூறிவிட்டுப் புறப்பட மனம் துணியவில்லை. சொல்லால் ஒரு முறை கெடுத்தது போதும். கையால் பார்த்துவிடுவோம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டோம். (அச்சட்டையின் பிற்கால நிலை குறித்து வீட்டில் நடந்த விசாரணை இப்பகுதிக்கு உரியதன்று.)

முதலில் தாங்கியின் மூடி. எஞ்சினை இயக்கியதும் எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இளைஞர் முகம் மலர்ந்தது. நாம் அவரைத் தடுத்தோம். ஏனெனில் இவ்வண்டிகளுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பல நாள் நின்றால், பம்பியிலுள்ள சிறு குண்டு வாயிலைத் தாண்டித் தாங்கியின் எண்ணெய் எஞ்சினின் அடித்தளத்தில் வடிந்து நிறைந்துவிடும். முதல் நிமிடத்தில் திரும்பி வருவது இந்தத் தேங்கிய எண்ணெயே. உள்ளே செல்லும் பாதை முழுதும் அடைபட்டிருந்தாலும் அது வரும்! ஆகையால் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழிந்தது, எஞ்சின் கொதித்தது, முள் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே தள்ளாடியது. இப்போது தாங்கியில் எண்ணெய் தொடர்ச்சியாக வராமல், விட்டு விட்டு, குமிழியோடு துப்பியது. இளைஞர் மறுபடியும் வாடினார். உண்மையில் அதுவே நல்ல அறிகுறி. உறிஞ்சும் பம்பி செலுத்தும் பம்பியிலும் பெரிது. தேங்கியது முடிந்தபின் அது எண்ணெயோடு காற்றையும் சேர்த்தே இழுக்கும். அந்நிலையில் திரும்பி வருவது முழுவதும், சற்று முன் உள்ளே போன எண்ணெய்.

போயிற்று என்பது சரி. பிக் என்டின் வழியாகத்தான் போயிற்றா? அமுக்கம் மிகும்போது திறக்கும் விடுப்பு வாயில் ஒன்று உண்டு. அது திறந்தபடியே சிக்கியிருந்தால், எண்ணெய் குறுக்கு வழியாக அடித்தளத்தில் விழுந்து, ஒன்றும் அறியாததுபோல் தாங்கிக்குத் திரும்பிவிடும். முள்ளும் தாழ்ந்தே நிற்கும். இளைஞர் அதைக் கழற்றினார். வில் நேராக இருந்தது. குண்டு தேயாமல் இருந்தது. இருக்கையில் ஒரு துணுக்கு அழுக்குமில்லை. குளிரில் முள் 40க்கு ஏறியதே, அது மூடிக்கொள்கிறது என்பதற்குச் சாட்சி. கடைசியாக, எஞ்சின் ஆறிய பின், உருளையின் தலையைக் கழற்றி, முசலத்தை உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, இரு பெருவிரலாலும் அழுத்தி அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். பிக் என்ட் தேய்ந்திருந்தால் 'டொக்' என்று கைக்குத் தெரியும். நாம் பார்த்தோம், அவர் பார்த்தார், தகப்பனாரும் வந்து பார்த்தார். அசைவில்லை.

அப்போது அஸர் தொழுகைக்கு நேரமாயிருந்தது. தகப்பனார் எழுந்தவர், மகனைப் பார்த்து, "போன் எடுத்துச் சொல்லு" என்று மட்டும் கூறிவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்றார்.

இளைஞர் சொன்னார். அரை விலைக்கு இல்லை. முதலிற் பேசிய விலையாயின் வரலாம் என்றார். மறுமுனையில் இருந்தவர் முள்ளைப் பற்றி மறுபடியும் கேட்டார். இளைஞர் வாய்க்காலையும் மடையையும் சொல்லத் தொடங்கியதும் அவருக்குப் பொறுமை போயிற்று. யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தார். மறுநாள் லொறி வரவில்லை. இன்றுவரை அவர் யோசித்துக்கொண்டே இருக்கிறார். பெரும்போக நெல் விற்றதில் தங்கையின் முதல் வருடச் செலவுக்கு வழி பிறந்ததாகப் பின்னர் அறிந்தோம். அடுத்த வருடச் செலவுக்கு வண்டியை விற்க நேரினும் நேரலாம். அதற்குள் அதன் மெய்யான விலை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாம் விடைபெறும்போது இளைஞர் அந்த அமுக்கமானியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி எம் கையில் தந்தார். துளையைப் பழைய ஆணியால் அடைத்துவிட்டார். திங்கட்கிழமை முதற் பாடத்தில், கரும்பலகையில் அந்தப் பழைய வாக்கியத்தை எழுதி, அதன் குறுக்கே கோடிட்டு, தோப்பூர்க் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மானி இப்போது எமது ஆய்வுகூடத்தில் ஒரு நீர்ப்பம்பியின் வாயில் பூட்டப்பட்டிருக்கிறது. குழாயின் முனையை ஒரு பிள்ளை விரலால் அடைக்க முள் ஏறும், வாளி நிறையாது. விரலை எடுக்க முள் விழும், வாளி நிறையும். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "அப்படியெண்டா, பம்பி பழுதாப் போனாலும் முள்ளு விழும்தானே சேர், அத எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டாள். வாளியைப் பார் என்றோம்.